ஒன்றுக்கும் உதவாத நத்தைக்காகக் கோப்பெங்கில் இரண்டு நாள்

இந்தப் பயணத்துக்குக் காரணம் அம்மாவின் கைப்பேசிக்கு வந்த ஒரு புலன (வாட்ஸ்அப்) செய்தி. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம். அம்மா குளிக்கப் போயிருந்தார். திரையில் தானாக வந்து நின்றதைப் படித்தேன்.

"வணக்கம். கும்பாபிஷேகத்தை முன்னிட்டு இந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்குக் குகைக் கோயிலில் கோத்தோங் ரோயோங். வௌவாலுக்குப் புகை போட்டு மேல் துவாரத்தைக் கம்பி வலையால் அடைத்தல், படிக்கட்டு ஓரப் பாறைக்குச் சிமெண்ட் பூசுதல். புகைக்குக் கொளுத்தப் பழைய டயர் உள்ளவர்கள் கொண்டு வரவும். நாசி லெமாக் உண்டு."

கோத்தோங் ரோயோங் என்றால் ஊரே கூடிக் கூலியில்லாமல் பொது வேலையை முடிப்பது; கூலிக்குப் பதில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு. எங்கள் பள்ளியும் கோயிலும் பாதி அதில்தான் ஓடுகின்றன. நானும் எத்தனையோ முறை போய்ச் சுவருக்குச் சாயம் அடித்திருக்கிறேன். இந்த ஒன்றைத் தடுக்கத்தான் கிளம்பினேன்.

"நீ போயி என்ன பண்ணப் போற?" என்றார் அம்மா.

"பேசப் போறேன்."

"பேசு. ஆனா மாமா வீட்டுல என் மானத்த வாங்காத."

மாமா என்பது அம்மாவின் தம்பி செல்வம். லாரி ஓட்டுகிறார். அந்தக் கோயிலின் செயலாளரும் அவர்தான். டயர் கேட்டுச் செய்தி அனுப்பியவரும் அவரே. அவர் வீட்டில் தங்குவேன் என்பதால்தான் அனுமதி கிடைத்தது. செய்தியை எழுதியவர் வீட்டிலேயே தங்கிக்கொண்டு அதை எதிர்ப்பது எப்படி என்று எந்தப் பயணக் கையேட்டிலும் போட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை 10.15க்கு ஈப்போவின் மேடான் கிட் பேருந்து நிலையத்திலிருந்து கம்பார் போகும் பேருந்து ஏறினேன். கோப்பெங் சுமார் இருபது கிலோமீட்டர். நின்று நின்று போவதால் முக்கால் மணி நேரம். மூன்று ரிங்கிட்டுக்குள் முடிந்தது (மாணவர் அட்டையைக் காட்டுங்கள், கேட்காவிட்டாலும் காட்டுங்கள்). சன்னலோரம் உட்காருங்கள். ஊரைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் வரிசையாக எழுந்து நிற்கும். சில குன்றுகளுக்கு ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கம் கல்குவாரி உடைத்துத் தின்ற பக்கம். அந்தக் கல் சிமெண்டாகிறது, பற்பசைக்குள் கூடப் போகிறது. நானும் தினமும் பல் துலக்குகிறேன். அதனால் இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டான். பல் துலக்குகிறவர்கள்தான் பேச வேண்டும். குன்றால் பேச முடியாது.

கோப்பெங்கிலிருந்து கோயில் இருக்கும் தோட்டத்துக்குப் பேருந்து கிடையாது. ஒன்பது கிலோமீட்டர், டாக்சிக்குப் பதினைந்து ரிங்கிட்.

"எங்க பாப்பா, கோயிலுக்கா? நாளைக்குத்தான கோத்தோங் ரோயோங்," என்றார் ஓட்டுநர் அண்ணன்.

"தெரியும் அண்ணே. வௌவால வெரட்ட வேணாம்னு சொல்லப் போறேன்."

கண்ணாடி வழியாக என்னை ஒரு முறை பார்த்தார். "ஓ, வௌவாலுக்கு வக்கீலா! ஃபீஸு எப்படி, பழமா குடுக்குமா?"

"ஆமா அண்ணே, டுரியான் பழமா."

"அப்ப எனக்கும் ரெண்டு வௌவால் புடிச்சுக் குடுலா," என்று சிரித்தார். வாடகையில் ஒரு காசு குறைக்கவில்லை.

சாலையின் இரு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. முன்பு இது ரப்பர்த் தோட்டம். அம்மா பிறந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் கன்று நிற்கிறது. ஒரே மரம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. அண்ணன் கைப்பேசியில் பேச வண்டியை ஓரங்கட்டியபோது இறங்கி நின்று கேட்டுப் பார்த்தேன். ஒரு மைனா கத்தியது. வேறு எதுவும் இல்லை. பிறகு ஒரு வளைவில் திரும்பியதும் குன்று. பாறை இடுக்கிலெல்லாம் அத்தி, கொடி, பெயர் தெரியாத பூக்கள், ஏழெட்டு விதமான பறவைச் சத்தம். யாரும் பாதுகாத்ததால் அது பிழைக்கவில்லை. அதன் மேல் எதையும் நட முடியாது என்பதால் விட்டுவைத்தார்கள்.

ரப்பருக்கு முன்னால் இங்கே காடு இருந்தது. வெட்டச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். வெட்டியது எங்கள் ஆட்கள். மாமா இதை என் வாயை அடைக்க எடுத்துப் போடுவார்: "காட்ட வெட்டுனதாலதான் நீ இன்னிக்குப் புத்தகம் படிக்கிற." உண்மைதான், மறுக்கவில்லை. படித்ததால்தான் எதை வெட்டினோம் என்று எனக்குத் தெரிகிறது.

இப்போது கோயில். குன்றின் அடியில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் சமையற்கட்டு. அங்கிருந்து படியேறினால் குகை வாய். உள்ளே இருக்கும் அம்மன், செதுக்கிய சிலை அல்ல. பாறையே ஒரு முகம்போல் புடைத்திருக்கிறது, அதற்கு வெள்ளிக் கண் சாத்தியிருக்கிறார்கள். ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்கள் கண்டெடுத்துக் கும்பிடத் தொடங்கிய அம்மன். நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு துவாரம், அதைச் சுற்றிக் கறுப்பாக, கீச்சிட்டபடி, இடித்துப் பிடித்துத் தொங்கும் வௌவால்கள். வாடை மூக்கைத் துளைக்கும். முகக் கவசம் கட்டாயம். துவாரத்துக்கு நேர் கீழே டயர்களை அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் கம்பி வலைச் சுருள் புத்தம் புதிதாக மின்னியது.

இறங்கி வந்து காலணி மாட்டக் குனிந்தபோதுதான் படிக்கட்டு ஓரப் பாறையில் அந்த நத்தைகளைப் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. முதலில் மண் துகள் என்று நினைத்தேன். துகளுக்குக் கொம்பு முளைத்து நகர்ந்தது. ஓட்டில் வரிவரியாக மேடு. வாய்ப் பக்கம் மட்டும் சுருளிலிருந்து பிரிந்து ஊதுகுழல்போல் விரிந்திருந்தது. சில வகைச் சுண்ணாம்புக் குன்று நத்தைகள் உலகத்தில் ஒரே ஒரு குன்றில் மட்டுமே வாழும் என்று படித்திருக்கிறேன். இது அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாறைக்குச் சிமெண்ட் பூசத் தீர்மானித்தவர்களுக்கும் தெரியாது.

அதற்குள் மாமா மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நான் வௌவால் பேச்சை எடுத்ததும் கையை உயர்த்தினார்.

"பாப்பா, காலையில தோப்புக்கு வந்து பாரு. மரத்தடியில டுரியான் பூவெல்லாம் கொட்டிக் கெடக்கும். எல்லாம் இதுங்க வேலைதான். கோயிலையும் நாறடிக்குது, தோப்பையும் கெடுக்குது. என்னாத்துக்கு வெச்சிருக்கணும்?"

இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஏன் என்று எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது. இவர்கள் பால்வெட்டுக் குடும்பங்கள். விடியுமுன் எழுந்து பழகியவர்கள். ரப்பர் போய் இத்தனை காலமாகியும் ஊரே எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறது. விடிகாலைத் தோட்டத்தை இவர்களைப்போல் அறிந்தவர்கள் யாருமில்லை. மாலைத் தோப்பை யாரும் பார்த்ததில்லை. டுரியான் பூ மாலையில் விரிந்து, வௌவால் வந்தாலும் வராவிட்டாலும், விடிவதற்குள் இதழையும் மகரந்தக் கம்பிகளையும் தானே உதிர்த்துவிடும். காயாகப் போகும் பகுதி கிளையிலேயே நிற்கும். காலையில் கீழே கிடப்பதைப் பார்த்து, இரவில் வந்துபோனவன் மேல் பழி போட்டுவிட்டார்கள்.

அன்று மாலை ஏழரை மணிக்கு மாமாவின் தோப்புக்குப் போனேன். தனியாக விடமாட்டேன் என்று அத்தையும் கொசுவத்தியோடு வந்தார். பூ கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. புளித்த பால்போல் ஒரு வாசம். வானம் மங்கியதும் குகைப் பக்கமிருந்து வந்தன. ஒவ்வொன்றாகப் பூவைக் கட்டிப்பிடித்து, முகத்தை உள்ளே விட்டு, நீண்ட நாக்கால் தேனை நக்கிவிட்டு அடுத்த கொத்துக்குப் பறந்தன. ஒரு பூவைக்கூடக் கடிக்கவில்லை. ஒன்று தாழப் பறந்தபோது அதன் முகமெல்லாம் மஞ்சள் பொடி.

"அடியாத்தி, நக்கிட்டுல போவுது!" என்றார் அத்தை. "இதுக்காலா கோயில் தலைவரு அவ்ளோ பெரிய வலை வாங்கிக் கட்டுனாரு?"

"என்ன வலை அத்தை?"

"போன வருசம் பூக்கையில தலைவரு அவரு மரத்துக்கெல்லாம் மீன் வலை சுத்துனாரு, வௌவால் வரக்கூடாதுன்னு. ஒன் மாமாவும் கட்டுறேன்னு குதிச்சாரு. மொதல்ல ஒழுகுற கூரையப் பாருய்யான்னு நாந்தான் கத்துனேன்."

"அப்புறம் யாரு மரத்துல காய்ச்சது?"

"நம்ம மரத்துலதான்லா. அவருது பூத்ததோட சரி. ஒன் மாமா ஏதோ ரகசிய ஒரம் போட்டான்னு இன்னும் மொறைக்கிறாரு."

நான் எழுந்த வேகத்தில் கொசுவத்தி கவிழ்ந்தது.

ஒரு தோப்பின் ஒரு பருவத்தை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. என் அறிவியல் ஆசிரியர் கேட்டால் குட்டுவார். மழை, மண், மரத்தின் வயது என்று வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் குகை வௌவால்கள்தான் டுரியானுக்கும் பெத்தாய் என்னும் அவரை மரத்துக்கும் மகரந்தம் சுமக்கும் முக்கியமான ஆட்கள் என்று புத்தகத்தில் படித்தது, இங்கே பக்கத்துப் பக்கத்துத் தோப்பில் நடந்திருக்கிறது. இனி என் பேச்சுக்குச் சாட்சி உண்டு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முப்பது பேர் இருப்பார்கள். தலைவர் முனியாண்டி அங்கிள் சொந்தமாக நாலு லாரி வைத்திருப்பவர். மைக் இல்லாமலே மைக் வைத்ததுபோல் பேசுவார். தேவாரம் முடிந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பிறகு, "யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். எல்லாக் கோத்தோங் ரோயோங்கிலும் இதைக் கேட்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்பதால்தான் கேட்பார்கள். அவர் வாளியை எடுக்கக் குனிந்துவிட்டார். நான் கை தூக்கினேன்.

"செல்வம் அக்கா மகளா? என்னம்மா, நாசி லெமாக் பத்தலையா?"

"வௌவாலுக்குப் புகை போட வேணாம் அங்கிள்."

சிரிப்பு. சமையற்கட்டிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "ஏன்? ஒனக்குச் சொந்தமா?" என்றார் தலைவர்.

"உங்க டுரியானுக்குச் சொந்தம்."

பூ எப்போது விரிகிறது, யார் வருகிறார்கள், காலையில் ஏன் உதிர்கிறது என்று சொன்னேன். புத்தகத்துல ஆயிரம் எழுதுவான் என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான் கேட்டேன்: "போன வருசம் வலை கட்டுனது யாரு அங்கிள்? காய்க்காதது யாரு மரம்?"

அத்தை கரண்டியோடு வெளியே வந்தார். "தலைவரே, எங்க வீட்டுக்காரரு எந்த ரகசிய ஒரமும் போடல. அவருக்கு ரகசியமே தெரியாது. வலைய நான் கட்ட விடல, அவ்ளோதான்."

பெண்கள் பக்கம் வெடித்த சிரிப்பில் மாமா தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் சிரிக்கவில்லை. "அப்ப கும்பாபிஷேகத்தன்னிக்கு அம்மன் தலையில எச்சம் விழட்டுமா?"

அது நியாயமான கேள்வி. அம்மனுக்கு மேலே ஒரு விதானம் கட்டலாம், விழும் எச்சத்தை வாரித் தோப்புக்கு எருவாகப் போடலாம் என்றேன். மாமா தலை நிமிராமலே, "லாரி கன்வாஸ் ஒண்ணு சும்மா கெடக்கு," என்றார். நேற்றுவரை எனக்கு எதிரியாக இருந்தவர்! அதற்குப் பிறகும் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் தலைவர் சொன்னார்: "ஒரு வருசம் பார்ப்போம். என் மரம் காய்க்கலேன்னா, வக்கீலம்மா, நீயே வந்து டயர் கொளுத்தணும்." டாக்சிக்கார அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார் போல.

டயர்களை உருட்டி வெளியே கொண்டுபோனார்கள். நான் வென்ற மிதப்பில் குகைப் படியை நோக்கி ஓடினேன். பாதியில் கால் நின்றுவிட்டது.

படிக்கட்டு ஓரப் பாறையின் இடது பாதி சாம்பல் நிறத்தில் மழமழவென்று ஈரமாக இருந்தது. தலைவர் வேலையைப் பிரித்த உடனே கொத்தனார் அண்ணன்கள் இருவர் அவர்கள் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். வௌவாலைப் பற்றி மட்டும்தானே நான் பேசினேன்? இவர்களை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு அண்ணன் அடுத்த கரண்டிச் சிமெண்டை அள்ளிக்கொண்டு வலது பக்கம் திரும்பினார். நான் போய்ப் பாறைக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளு பாப்பா, சட்டையில பட்டுரும்."

"படட்டும் அண்ணே."

தலைவர் வந்தார். "இப்ப என்னா?"

"இங்க நத்தை இருக்கு அங்கிள்."

குனிந்து பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "இதா? சரி, வௌவாலு டுரியான் குடுக்கும். இது என்ன குடுக்கும்?"

என்னிடம் பதில்கள் இருந்தன. நாளைக்கு மருந்து கிடைக்கலாம், ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள், சுற்றுப்பயணிகள் வருவார்கள் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவற்றில் எதையும் நான் நம்பவில்லை.

"ஒண்ணும் குடுக்காது அங்கிள். ஒண்ணுத்துக்கும் உதவாது."

"அப்புறம் ஏன் மறிச்சு நிக்கிற?"

"அம்மனும் இதே பாறைதான. என்ன குடுப்பேன்னு கேட்டுட்டா கும்பிட ஆரம்பிச்சாங்க?"

யாரோ உச்சுக் கொட்டும் சத்தம் கேட்டது. "வாய மூடு பாப்பா," என்றார் மாமா. தலைவரின் முகம் சிவந்துவிட்டது. "சாமியையும் பூச்சியையும் ஒண்ணாப் பேசுறியா?"

"இல்ல அங்கிள். ஆனா ரெண்டும் நமக்கு முன்னாடியே இங்க இருந்துச்சு. நம்மளக் கேட்டு வரல. நம்மகிட்ட ஒண்ணும் கேக்கவும் இல்ல. பாதி ஏற்கெனவே செத்துப்போச்சு. மீதியையாவது விட்டுருங்க."

அழக்கூடாது என்று நினைத்தேன். அழுதேன். நகரவில்லை.

"தலைவரே, சிமெண்ட் இறுகுது. பூசவா, வேணாமா?" என்றார் கொத்தனார் அண்ணன்.

தலைவர் அம்மன் இருக்கும் பக்கம் ஒரு முறை பார்த்தார். "சமையக்கட்டுத் தரைக்குக் கொண்டு போ," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இத நிர்வாகக் கூட்டத்துல பேசி முடிவு பண்ணுவோம். அங்க வந்து மறிக்க முடியாது நீ. உறுப்பினர் மட்டுந்தான்."

"நான் உறுப்பினர்தான தலைவரே?" என்றார் அத்தை, கரண்டியைக் கீழே போடாமலே.

தள்ளுவண்டி கண்ணை விட்டு மறையும்வரை அங்கேயே நின்றேன். பிற்பகல் மாமா மோட்டாரில் கோப்பெங் வரை கொண்டுவந்து விட்டார். பேருந்து வந்ததும், "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றார். திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை.

இதை எழுதும்வரை கூட்டம் நடக்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன். வௌவால் பிழைத்தது, அதனால் நமக்கு ஆதாயம் உண்டு என்று காட்ட முடிந்ததால். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். உங்கள் ஊரிலும் ஒரு குகையோ குட்டையோ காட்டுத் துண்டோ இருந்தால், அது நமக்கு என்னவெல்லாம் தருகிறது என்று நன்றாகப் படித்துக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கைக் கேட்காமல் யாரும் கையை நிறுத்த மாட்டார்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நான் ஆதாயத்தை விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பாறை போய்விட்டது. நமக்கு உதவாத ஒன்று உயிரோடு இருக்க நம்மிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று யார் சொன்னது?

போக நினைப்பவர்களுக்கு: டுரியான் பூக்கும் காலமாகப் பார்த்துப் போங்கள், மரத்தைப் பார்த்தாலே தெரியும். கோப்பெங்கில் டாக்சிக்காரர்களிடம் குகை அம்மன் கோயில் என்றால் போதும். திரும்பி வரவும் அவர்களிடமே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அங்கே கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பது சந்தேகம். முகக் கவசம், தொப்பி, கொசுவத்தி. குகைக்குள் விளக்கை மேலே அடிக்காதீர்கள். மாலை ஏழரைக்குத் தோப்போரம் நிற்க வேண்டுமானால் செல்வம் வீட்டில் கேளுங்கள். அத்தை கூட வருவார், பேச்சும் இலவசம்.

படிக்கட்டு ஓரத்தில் இடது பாதி சிமெண்ட், வலது பாதி பாறை. பாறையைத் தொடாமல், முகத்தை அருகே கொண்டுபோய்ப் பொறுமையாகப் பாருங்கள். அப்படி என்ன இருக்கிறது, அதனால் என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள். ஒரு பயனும் இல்லை என்று சத்தமாகச் சொல்லுங்கள். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் தலைவர் காதில் விழ வேண்டும்.